வண்டிக்கு சர்வீஸ் உண்டு, வீட்டம்மாவுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று டீச்சருக்குத் தெரியும்.

மேடவாக்கம் கூட்ரோட்டைச் சுற்றி எத்தனை ஆஸ்பத்திரி போர்டு, எத்தனை ஸ்கேன் சென்டர்! மகளிர் தினம் வந்தால் "பெண்கள் நலனில் புதிய தொழில்நுட்பம்" என்று பேனர் கட்டுகிறார்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூ படம் நாற்பது வருகிறது. புதுமை வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருப்பது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைப் படித்ததும் சிலர் முகம் சுளிப்பீர்கள். அந்தச் சுளிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவே. 2022-இல் உலகில் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் ஏறத்தாழ 80 ஆயிரம் பேர் நம் நாட்டுப் பெண்கள். ஐந்தில் ஒருத்திக்கு மேல் நம்மவள். இத்தனைக்கும் இது திடீரென்று வந்து தூக்கிக்கொண்டு போகும் நோய் அல்ல. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். அத்தனை வருடம் வாசலில் நின்று கதவைத் தட்டுகிற நோய்க்கு நாம் காது கொடுப்பதில்லை.

"இதுக்கெல்லாம் பெரிய மெஷின் வேணும், லட்சக்கணக்கில் ஆகும்" என்பவர்களுக்குத் திண்டுக்கல் கதையைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கை மருத்துவமனையும், நம் அடையாறு புற்றுநோய் நிலையமும், பிரான்ஸில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து செய்தார்கள். கருவி என்ன தெரியுமா? நீர்த்த அசெட்டிக் அமிலம். சமையலுக்கு வாங்கும் வினிகரில் இருக்கிற அதே பொருள். அதைக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். பார்த்துச் சொன்னது பயிற்சி பெற்ற நர்ஸ். முப்பது முதல் 59 வயது வரை உள்ள 31 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பரிசோதித்தார்கள். ஒரே ஒரு முறைதான். முடிவு 2007-இல் 'லான்செட்' இதழில் வந்தது: பரிசோதனை நடந்த கிராமங்களில் இந்த நோய் 25 சதவீதமும், மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது.

உலகத்துக்கே பாடம் எடுத்தது நம் கிராமத்துப் பெண்கள். அப்புறம் நாம் என்ன செய்தோம்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். முப்பது முதல் 49 வயதுப் பெண்களில், வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாடு எவ்வளவோ மேல் என்று மார்தட்டுகிறோமே, இங்கேயும் நூற்றுக்குப் பத்துப் பேர் தேறவில்லை. என் வகுப்பில் நூற்றுக்குப் பத்து வாங்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு இது இலவசம். நம் மேடவாக்கத்திலும் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனாலும் ஏன் போகவில்லை? அரை நாள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி உங்கள் அபார்ட்மென்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் அரை நாள் லீவு கேட்டால், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறோம். வசதியான வீட்டம்மாவுக்கோ பணம் இருக்கிறது, வாய் இல்லை. கணவரின் சுகர் மாத்திரை, மாமியாரின் கண் ஆபரேஷன், வண்டியின் சர்வீஸ் தேதி எல்லாம் அவள் நினைவில் இருக்கும். அவள் உடம்பு மட்டும் யார் நினைவிலும் இராது. எங்கள் சொந்தத்தில் ஒருத்தி இரண்டு வருடம் வெள்ளைப்படுதலையும் ரத்தக்கசிவையும் "வயசானா அப்படித்தான்" என்று மறைத்து வைத்தாள். சொன்னபோது மருத்துவர்களுக்குச் செய்ய அதிகம் மிச்சமில்லை.

அடுத்தது தடுப்பூசி. இங்கேதான் எனக்குக் கோபம் அதிகம். "வயசுக்கு வராத பொண்ணுக்கு இந்த ஊசி எதுக்கு?" என்று கேட்டு ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தொற்று வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் அந்த வயது. இதில் ஒழுக்கத்தை இழுக்க என்ன இருக்கிறது? பூட்டான் 2010-லும், ருவாண்டா 2011-லும், பக்கத்து இலங்கை 2017-லும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டன. நம்மைவிடப் பணக்கார நாடா ருவாண்டா? புனே சீரம் நிறுவனம் 2023-இல் நம் நாட்டு ஊசியைக் கொண்டுவந்தபோது ஒரு டோஸ் 2,000 ரூபாய். வீட்டுவேலை செய்யும் தாய் எப்படிக் கொடுப்பாள்? அதனால்தான் 2025 பட்ஜெட்டில் 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடப்போவதாகத் தமிழக அரசு அறிவித்தபோது மகிழ்ந்தேன்.

சிலர் அன்றைய ஆந்திராவின் கம்மத்தைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அதையும் மறைக்க வேண்டாம். 2009-10-இல் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த திட்டத்தில் ஊசி போட்ட ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது போன்றவைதான் காரணம், ஊசி அல்ல என்றது விசாரணை. ஆனால் அங்கே ஒரு பெரிய தவறு நடந்தது உண்மை. பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தை விடுதி வார்டன்களும் தலைமை ஆசிரியர்களும் போட்டிருந்தார்கள். ஏழைப் பிள்ளையின் அப்பா அம்மாவிடம் கேட்கத் தேவையில்லை என்று நினைத்த திமிர் அது. ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்களே, உங்கள் பள்ளியில் அது நடக்கக் கூடாது. பெற்றோரை உட்கார வைத்து, புரியும்படி சொல்லி, கேள்விக்குப் பதில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அதே சமயம், கையெழுத்தில் நடந்த தவறைக் காட்டி ஊசியையே தடுப்பது, வாத்தியார் சரியில்லை என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டுவது போல.

இனி வீட்டுப்பாடம்.

ஒன்று: ஆண் பிள்ளைகளே, முப்பது தாண்டிய உங்கள் மனைவி, அக்கா, தங்கை, அம்மாவிடம் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்குச் சமையல் உங்களுடையது.

இரண்டு: உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு அரை நாள் கொடுங்கள்.

மூன்று: மகளுக்கு ஊசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பிடம் கேட்காதீர்கள்.

முடித்தவர்கள் கமெண்டில் "முடித்தேன் டீச்சர்" என்று மட்டும் எழுதுங்கள். ரோஜாப்பூ வேண்டாம்.

உங்கள் டீச்சர்,
மேடவாக்கம்