சோறு கொண்டு வந்த இளவரசி

எங்க ஹாஸ்டல்ல ஒரு 'ட்வைலைட்' புத்தகம் சுத்திக்கிட்டு இருக்கு. யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது. அட்டை கிழிஞ்சு, அதுல இருந்த சிவப்பு ஆப்பிள்ல பாதிதான் மிச்சம். ஸ்டெபனி மேயர் எழுதி 2005-ல வெளிவந்த நாவல். ஆக, எனக்கும் அதுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பசங்க ஹாஸ்டல்ல ரத்தக் காட்டேரி காதல் கதையான்னு சிரிக்காதீங்க பாஸ். படிக்காதவன் கம்மி, படிச்சேன்னு ஒத்துக்கறவன் அதைவிடக் கம்மி!

இந்த வாரம் அதைப் பத்தி எழுதறேன்னு சொன்னதும், பக்கத்தைப் பார்த்துக்கற அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்பா, பேய், ஆவி, பூர்வ ஜென்மம்னு நம்மகிட்ட இல்லாததா? தமிழ்ல இப்படி ஒரு காதல் கதை கிடைக்கலையா உனக்கு?" ரோஷம் வந்துடுச்சு. சனிக்கிழமை புதுக்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்க் கல்கி அலமாரி முன்னாடி நின்னேன். 'பொன்னியின் செல்வன்' தடிமன்களுக்கு நடுவுல ஒல்லியா ஒண்ணு. 'சோலைமலை இளவரசி'. 1947-ல வந்த நாவல். பஸ்ல பாதி, மெஸ்ல மீதின்னு ரெண்டே நாள்ல முடிச்சாச்சு.

கதை சிம்பிள். 1942 ஆகஸ்ட். 'வெள்ளையனே வெளியேறு' போராட்டம் கொதிச்சுக்கிட்டு இருக்கு. குமாரலிங்கம்னு ஒரு இளைஞனைப் போலீஸ் வலை போட்டுத் தேடுது. நள்ளிரவு ரயில்ல ஆரம்பிச்சு, காட்டுக்குள்ள இடிஞ்சு கிடக்கற சோலைமலைக் கோட்டைக்கு வந்து ஒளியறான். அங்கே கண்ணை மூடினா அவன் வேற ஆள்! கம்பெனிக்காரன் காலத்து மாறனேந்தல் ராஜா உலகநாதத் தேவர். வெள்ளைக்காரனை எதிர்த்துட்டு, எதிரியோட சோலைமலைக் கோட்டைக்குள்ளேயே வந்து சிக்கிக்கிட்டவர். அவருக்கு அடைக்கலம் தர்றது அந்த வீட்டு இளவரசி மாணிக்கவல்லி. கண்ணைத் திறந்தா மறுபடியும் 1942. எதிரே நிக்கறது பொன்னம்மாள், ஊர் மணியக்காரர் மகள். அதே முகம்.

இது மறுபிறவியா, இல்லே பட்டினியும் பயமும் தூக்கமின்மையும் சேர்ந்து ஓட்டற கனவா? ரெண்டு மாதிரியும் படிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். 'ட்வைலைட்'ல அந்தச் சந்தேகத்துக்கு ரொம்ப தூரம் இடமில்லை. எட்வர்ட் வாம்பயர்தான், 1918-ல இருந்து அவனுக்குப் பதினேழு வயசுதான், விஷயம் முடிஞ்சது.

முதல் வருஷம் இங்கிலீஷ் பேப்பர்ல ஒரு கேள்வி வரும், ஞாபகம் இருக்கா? கதைக்களம் என்ன, முன்குறிப்பு எங்கே வருது, பாத்திரங்கள் எப்படின்னு பத்து மார்க்குக்கு எழுதச் சொல்லுவாங்க. நோட்ஸ்ல இருக்கறதை அப்படியே கக்கிட்டு வந்தவன் நான். அந்த வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் புரிஞ்சது இந்த ரெண்டு புத்தகத்தையும் அடுத்தடுத்துப் படிச்சப்பதான்.

முன்குறிப்பையே எடுத்துக்கோங்க. 'ட்வைலைட்' முதல் பக்கத்துலேயே பெல்லா தன் சாவைப் பத்திப் பேசிடறா. அதாவது, ஆசிரியரே முன்னாடி வந்து "பின்னால ஆபத்து இருக்கு"ன்னு போர்டு மாட்டிட்டுப் போறாங்க. கல்கி போர்டு எதுவும் மாட்டலை. பழைய காலக் கதைதான் அவருக்கு முன்குறிப்பு. உலகநாதத் தேவருக்கு ஒரு கஷ்டம் வந்தா, நமக்குக் குமாரலிங்கத்தை நினைச்சு வயித்தைப் பிசையுது. ஒரு தடவை நடந்தது திரும்பவும் நடக்குமோ? பூர்வ ஜென்மம் இங்கே வெறும் மாயாஜாலம் இல்லை, சஸ்பென்ஸே அதுதான்.

அப்புறம் சாப்பாடு. சிரிக்காதீங்க, ஹாஸ்டல்காரனுக்கு இதுதான் முதல்ல கண்ணுல படும். ஃபோர்க்ஸ் ஊர் ஸ்கூல் கேன்டீன்ல எட்வர்ட் குடும்பம் தட்டை முன்னாடி வெச்சுக்கிட்டுச் சாப்பிடாமலே உட்கார்ந்திருக்கும். அவன் பசி வேற பசி, அந்தப் பசிதான் காதலுக்கே ஆபத்து. கல்கியோட ஹீரோவுக்கு நம்ம பசி. காட்டுல ஒளிஞ்சவனுக்கு வயித்துல ஒண்ணும் இல்லை. பொன்னம்மாள் வீட்டுக்குத் தெரியாம சாப்பாடு கொண்டு வர்றா. காதல் அங்கேதான் ஆரம்பிக்குது. ராஜா, இளவரசி, கோட்டைன்னு எவ்வளவோ ஜிகினா இருந்தாலும் என் மனசுல நிக்கறது அந்தச் சோறுதான்.

ரெண்டு ஹீரோயினுக்கும் இன்னொரு ஒற்றுமை. பெல்லாவோட அப்பா அந்த ஊர்ப் போலீஸ் தலைமை அதிகாரி. ஆனா எட்வர்டைச் சட்டம் துரத்தலை, அதனால அந்த வேலைக்குக் கதையில பெரிய கனம் கிடையாது. பொன்னம்மாளோட அப்பா மணியக்காரர், சர்க்கார் ஆள். மாணிக்கவல்லியோட அப்பாவும் கம்பெனி பக்கம். இங்கே கதையே அதுலதான் மாட்டிக்கிட்டு இருக்கு. அதிகாரத்தோட பக்கம் நிக்கற வீட்டுல பிறந்த பொண்ணு, ஓடி ஒளிஞ்சு வந்தவனைக் காப்பாத்துவாளா, காட்டிக் கொடுப்பாளா? நூறு வருஷ இடைவெளியில அதே கேள்வியை ரெண்டு தடவை கேக்கறார் கல்கி.

சோலைமலை, மாறனேந்தல் எல்லாம் கற்பனை ராஜ்யங்கள். ஆனா புதுக்கோட்டைக்காரன் இதைச் சும்மா கதையாப் படிச்சிட முடியாதுங்க. 1799-ல பாஞ்சாலங்குறிச்சியில இருந்து தப்பி வந்த கட்டபொம்மன் ஒளிஞ்சது எங்க சீமைக் காட்டுலதான். பிடிச்சு ஒப்படைச்சது தொண்டைமானோட ஆட்கள். அக்டோபர் 16-ல கயத்தாறுல தூக்கு. என் ரூம்மேட் கோவில்பட்டிக்காரன். கிரிக்கெட்ல அவன் டீம் தோத்தாலும் சரி, மெஸ்ல நான் ஒரு முட்டை கூட எடுத்தாலும் சரி, "காட்டிக் கொடுத்த ஊர்க்காரன்தானடா நீ" அப்படிம்பான். விளையாட்டுக்குத்தான். ஆனா மூணு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். தொண்டைமான் கம்பெனியோட கூட்டாளி, கலெக்டர் கடிதம் போட்டார், வேற வழி என்னன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்ற நியாயத்தை நானும் சொல்லிப் பார்த்திருக்கேன். அவன்கிட்ட அது எடுபடாது. சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் இறங்கும்.

நாவலை முடிச்ச மறுநாள் திருமயம் கோட்டைக்குப் போனேன். எங்க அப்பத்தா வீட்டுல இருந்து நடக்கற தூரம். சின்ன வயசுல ஏறாத கல்லே இல்லை. 1687-ல கிழவன் சேதுபதி கட்டினது. மேலே பீரங்கிகிட்ட நின்னா காத்து ஆளைத் தள்ளும். இத்தனை வருஷமா எனக்கு அது செல்ஃபி எடுக்கற இடம். அன்னிக்கு மட்டும், இங்கே ஒருத்தன் பசியோட ஒளிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு யோசனை வந்துது. எங்க அப்பா மணியக்காரரா இருந்திருந்தா? தைரியமா ஒரு பதில் சொல்ல முடியலை. கீழே இறங்கும்போது இன்னொண்ணு ஞாபகம் வந்துது. தீரர் சத்தியமூர்த்தி பிறந்தது இதே திருமயம். குமாரலிங்கம் ஓடி ஒளிஞ்ச அதே 1942 போராட்டத்துல கைதாகி, ஜெயில்ல உடம்பு கெட்டு, 1943 மார்ச்சுல இறந்தவர். ரெண்டும் எங்க ஊர்தான்.

கல்கியும் சும்மா எழுதலை. 1921-ல ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர், ஜெயிலுக்கும் போனவர். இந்தக் கதை வந்த 1947-ல புதுக்கோட்டை இன்னும் தனி சமஸ்தானம். இந்தியாவோட இணைஞ்சது 1948 மார்ச் 3-ல. அப்போ இதைப் படிச்ச எங்க ஊர்க் காலேஜ் பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

குறையே இல்லையான்னா, இருக்கு. தற்செயல்கள் ஜாஸ்தி. காதல் ரொம்ப சீக்கிரம் பத்திக்குது. மாணிக்கவல்லியும் பொன்னம்மாளும் என்ன நினைக்கறாங்கன்னு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த விஷயத்துல பெல்லாதான் ஜெயிக்கறா, முழுக் கதையையும் அவளே சொல்றாளே. என்ன, எட்வர்ட் எவ்வளவு அழகுன்னு நாலு பக்கத்துக்கு ஒரு தடவை சொல்லாம இருந்திருக்கலாம்.

முடிவைச் சொல்ல மாட்டேன். கல்கி எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிடுச்சு, அதனால மலிவு விலையில நிறைய பதிப்பு கிடைக்கும்.

நூலகப் புத்தகம் இப்போ என்கிட்ட இல்லை. கோவில்பட்டிக்காரன் பிடுங்கிட்டான். நேத்து ராத்திரி ஒண்ணரை மணிக்கு மொபைல் டார்ச் வெளிச்சத்துல படிச்சுக்கிட்டே என் கட்டிலை உதைச்சு, "மாப்ள, அந்தப் பொண்ணோட அப்பா என்னடா பண்ணுவாரு?"ன்னு கேட்டான். படிடான்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். புதன்கிழமைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும், இல்லேன்னா ஃபைன் அவன் தலையிலதான்.