குழந்தையின் உள்ளம் வாணிகப் பொருளன்று!

ஓட்டிசம் என்னும் சொல் காதில் விழுந்த மாத்திரத்தே பெற்றோரின் நெஞ்சம் பதைக்கிறது. அப்பதைப்பையே முதலாக்கி வாணிகம் நடத்த ஒரு கூட்டம் கடல் கடந்தும் கடை விரித்திருக்கிறது. பணத்தைக் கட்டினால் பிள்ளைக்கு உணர்ச்சி பிறக்கும், தாயின் முகம் பார்த்துச் சிரிக்கும் என்பதே அக்கடையின் கூவல். பெற்ற வயிறு அதைக் கேட்டு மயங்காதிருக்குமா? கைவளையை அடகு வைத்தேனும் அக்குரலின் பின்னே போகத் துணியாத தாய் எவள்? தாயை நாம் குறை கூறோம். அவளை அந்நிலைக்குத் தள்ளியோரையே கூண்டில் நிறுத்துகிறோம்.

முதலாவதாக, அக்கூவலின் அடிப்படையே பொய். ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு உணர்ச்சி இல்லையென்று யார் தீர்ப்பளித்தார்? உணர்ச்சி இருத்தல் வேறு. அவ்வுணர்ச்சி இன்னதென இனங்கண்டு பெயர் சொல்லுதல் வேறு. பின்னையது கடினமாயிருக்கும் நிலையை அலெக்சித்தைமியா என்பர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான கணிப்பு ஒன்று, ஓட்டிசம் உள்ளோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடமே அந்நிலை உண்டெனக் காட்டிற்று. ஓட்டிசம் இல்லாதோரிடமும் அது காணப்படுவதே. ஓட்டிசம் உள்ளவரான பிரித்தானிய அறிஞர் டேமியன் மில்டன், புரியாமை இரு பக்கத்ததும் ஆகும் என 2012இலேயே வாதிட்டார். பிள்ளைக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, பிள்ளையை நாம் புரிந்துகொண்டோமா?

இரண்டாவதாக, பரிசோதனைகளின் கணக்கைப் பார்ப்போம். மூக்கின்வழி செலுத்தும் ஒக்சிடோசின் பாசத்தை ஊட்டும் என்றனர். அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரையான 290 பேரிடம் 24 வாரம் சோதித்தனர். வெற்று மருந்தைக் காட்டிலும் பயனில்லை என்பது 2021இல் வெளியாயிற்று. புமெட்டனைட் என்னும் மருந்தின் பெருஞ்சோதனைகளும் அதே ஆண்டில் பயனின்மையால் நிறுத்தப்பட்டன. உடலிலுள்ள உலோகத்தை அகற்றுகிறோம் என்று ஏற்றிய மருந்தினால் 2005இல் அமெரிக்காவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டான். ஸ்டெம் செல் சிகிச்சையை ஓட்டிசத்துக்குப் பரிந்துரைக்க இயலாது, அதனை விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்கக்கேடே என்று இந்தியத் தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுக்கவியல் வாரியம் 2022 டிசம்பரில் அறிவித்தது.

சில பரிசோதனைகள் உள்ளத்தை உண்மையிலேயே அசைக்கின்றன. அங்கேதான் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜோன் எல்டர் ரொபிசன் ஓட்டிசம் உள்ளவர். 2008இல் பொஸ்டன் நகரில், மூளையைக் காந்தத்தால் தூண்டும் ஆய்வொன்றிற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். பிறர் உணர்ச்சி வெள்ளமாய் வந்து தம்மீது மோதியது என்கிறார். நட்பென்று எண்ணியிருந்த பழைய பேச்சுக்கள் சில ஏளனமென்று அப்போதே விளங்கின. மனைவியின் மனச்சோர்வு தாங்கொணாச் சுமையாயிற்று, மணவாழ்வு முறிந்தது. 2016இல் வெளியான தம் நூலில் அவர் அச்சோதனையைச் சபிக்கவில்லை. பெற்ற பேறுகளையும் எழுதினார். ஆயினும் அவர் ஐம்பதை எட்டிய மனிதர். தாமே கேட்டார், தாமே இசைந்தார், தாமே விலை கொடுத்தார். ஐந்து வயதுப் பிள்ளை எதற்கு இசைந்தது?

சட்டம் இதனை அறியாததன்று. மனிதனின் சுயேச்சையான இசைவின்றி அவன்மீது பரிசோதனை கூடாதென 1947இல் நியூரம்பேர்க் நீதிமன்றம் விதித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின் 15ஆம் உறுப்புரையும் அதையே உரைக்கிறது. இலங்கை 2016இல் அச்சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. ஒப்பமிட்ட கை இன்று எதைச் செய்கிறது?

ஆராய்ச்சியே வேண்டாமா என்று வினவுவர் சிலர். வேண்டும்! ஒழுக்கவியல் குழுவின் அனுமதி பெற்று, பதிவேட்டில் பதிந்து, பெற்றோரிடம் காசு கேளாமல் நடத்தி, தோல்வியையும் மறைக்காமல் வெளியிடும் ஆராய்ச்சி வேண்டும். பரிசோதனைக்கு விலை கேட்பவன் ஆராய்ச்சியாளனல்லன், வியாபாரி.

இனி நம் கண்டிக்கு வருவோம். இந்நாட்டில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 18 முதல் 24 மாதம் வரையான குழந்தைகளுள் 93க்கு ஒருவரிடம் ஓட்டிசம் கண்டது. பேராதனையில் சிறுவர் வைத்தியசாலை உண்டு. மருத்துவ பீடமும் உண்டு. ஆனால் புசல்லாவைத் தோட்டத்துத் தாயொருத்தி பிள்ளையோடு பஸ் ஏறி வந்தால், பேச்சுப் பயிற்சி அவள் மொழியில் கிடைக்குமா? வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பிள்ளைக்கு வேற்று மொழியில் பேச்சுப் பயிற்றுவது என்ன நீதி? விளங்காத மொழியில் அச்சிட்ட தாளில் இடும் ஒப்பம் எப்படி இசைவாகும்? தமிழும் அரசகரும மொழியென 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் கூறிற்று. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988இல் பதினாறாம் திருத்தம் வழங்கிற்று. ஏட்டிலுள்ள உரிமை வைத்தியசாலை வாயிலில் நின்றுவிடலாகாது.

ஆகவே கேட்கிறோம். மத்திய மாகாணத்தில் தமிழில் பயிற்சியளிக்கவல்ல பேச்சுச் சிகிச்சையாளர் எத்தனை பேர்? முதற் சந்திப்புக்குப் பிள்ளை காத்திருக்கும் காலம் எவ்வளவு? இசைவுப் படிவங்கள் தமிழில் உண்டா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலுள்ள கருவி. ஊர்தோறும் பெற்றோர் கூடி, எழுத்தில் வினவி, எழுத்தில் விடை பெறுங்கள். விடை வராவிடில் முதலில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பின்னர் ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யுங்கள்.

அரசின் வாயில் அடைபட்டிருக்கும் வரை வியாபாரியின் வாயிலே திறந்திருக்கும். முன்னதைத் திறப்போம், பின்னது தானே மூடும்!