காலில் கட்டிய கனம்

பள்ளி விளையாட்டுப் போட்டி நெருங்கிவிட்டால், தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு ஓடப் பழகுகிறார்கள். அவிழ்த்த பிறகு கால் பறக்கும் என்பது அவர்கள் நினைப்பு. பெற்றோரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இது சரிதானா?

ஒரு சுத்தியலை எடுங்கள். தலைப்பக்கம் பிடித்து ஆட்டினால் இலேசாக ஆடும். கைப்பிடி நுனியைப் பிடித்து ஆட்டினால் மணிக்கட்டை இழுக்கும். எடை ஒன்றுதான்; இருக்கும் இடந்தான் வேறு. காலும் அப்படித்தான். நுனியில் கனம் ஏறினால், காலை முன்னே வீச இடுப்புத் தசையும், வீசிய காலை நிறுத்தத் தொடையின் பின்தசையும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். 1969-இல் அமெரிக்க இராணுவ ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். பாதத்தில் சுமக்கும் ஒரு கிலோவுக்கு, உடம்போடு சேர்த்துச் சுமக்கும் ஒரு கிலோவைவிட ஏறக்குறைய 4 முதல் 6 மடங்கு சக்தி செலவாகிறதாம்!

செலவு சக்தியோடு நிற்பதில்லை. மூட்டை நிலையாக வைத்திருப்பவை, எலும்புகளைப் பிணைக்கும் நார்களும் சுற்றியுள்ள தசைகளும். பாதம் கோணலாக ஊன்றும்போது தசை சட்டென்று இழுத்து நேராக்கும். களைத்த தசைக்கு அந்த வேகம் இராது. பாரம் நாரின்மேல் விழும், கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும். தவிர, நடக்கும்போது கால் நுனி தரைக்கு மேலே 1 அல்லது 2 சென்டிமீட்டர் உயரத்தில்தான் கடக்கிறது. களைத்த கால் சற்றே தாழ்ந்தாலும் வேர் தடுக்கிவிடும்.

மழைக்குப் பிறகு செம்மண் அப்பிய ரப்பர் பூட்ஸோடு செம்பனை நிரையில் நடக்கும் பெரியவர்களுக்கும் இதே கணக்குத்தான். நிரை முடிந்ததும் ஒரு குச்சியால் மண்ணைச் சுரண்டிவிடுங்கள். பெரிய அளவு பூட்ஸ் வாங்கித் துணி அடைத்துப் போடாதீர்கள். உள்ளே பாதம் ஆடினால் கணுக்காலுக்குப் பிடிப்பு இராது. கனம் என்று சொல்லிச் செருப்போடு போய்விடவும் வேண்டாம். முள்ளும் பாம்பும் இருக்கும் இடம் அது.

முழங்கால் வலிக்காரர்களுக்குக் காலில் எடை கட்டச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அது பெரும்பாலும் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்குவதற்கு. அதைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடக்க அல்ல.

ஓட்டத்துக்குத் தயாராகும் பிள்ளைகள் மேட்டில் ஓடட்டும், படி ஏறட்டும். கால் தானாக வலுப்பெறும். அம்மாமார்களே, அந்த மணல் மூட்டையை அவிழ்த்துப் பூச்செடிக்குப் போட்டுவிடுங்கள்!