விற்ற காசுக்கு வரி, மிஞ்சிய காசுக்கு வரி: புதுத் தொழில்கள் பற்றி எங்கள் நிலைப்பாடு

சிலாபம் முதல் கற்பிட்டி வரை கரையோரத்தில் சிறுதொழில் செய்யும் நாங்கள் வரிவிலக்குக் கேட்டு இதை எழுதவில்லை. வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் இங்கே புதிதாகத் தொழில் தொடங்குபவரிடம் இலாபம் வருவதற்கு முன்பே விற்பனைத் தொகையைப் பார்த்து ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அறவிடுகிறார்கள். புதுத் தொழிலிடம் வரி கேட்பதென்றால் இலாபத்தைப் பார்த்துக் கேளுங்கள்; விற்பனை மீதான அறவீடுகளை ஒன்றாக்கி ஒரே இடத்தில் வாங்குங்கள். இதுவே எங்கள் நிலைப்பாடு.

கற்பிட்டியில் காற்றாடிச் சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டவரை நம்பி ஒருவர் ஐந்து அறை விடுதி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவு, பிரதேச சபையில் அனுமதிப்பத்திரம், உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் இலக்கம், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு. சுற்றாடல் அனுமதி தேவையானால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் வடமேல் மாகாணத்துக்கு 1990ஆம் ஆண்டின் நியதிச்சட்டப்படி தனிச் சுற்றாடல் அதிகார சபை உண்டு, ஆகவே கொழும்பிலுள்ள நண்பர் சொல்லித்தரும் வழி இங்கே செல்லாது. இவ்வளவும் முடிந்து முதல் விருந்தாளி வந்த பிறகு, சுற்றுலா அபிவிருத்தி அறவீடாக விற்பனையில் 1 வீதம் போகிறது. பதிவுபெற்ற விடுதி என்பதால் பிரதேச சபையும் முந்தைய ஆண்டின் வரவில் 1 வீதம் வரை அனுமதிக் கட்டணமாகக் கேட்கலாம். பதியாமல் இருக்கும் விடுதிக்கு இந்த இரண்டும் இல்லை. ஒழுங்காகப் பதிந்தவரே கூடுதலாகக் கட்டும் இந்த முறை, பதியாதே என்று சொல்லிக்கொடுப்பதற்குச் சமம். இரண்டையும் ஒரே அறவீடாக்கி, சபைக்குரிய பங்கை அதிலிருந்தே கொடுக்க வேண்டும்.

பிரதேச சபைகளின் வியாபார வரி பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் தேவைப்படாத வியாபாரங்களின் வருட வரவு 150,000 ரூபாயைத் தாண்டினால் வரி ஆகக்கூடியது 3,000 ரூபாய். அன்றைக்கு அது பெரிய வியாபாரம். இன்றைக்கு மாதம் 12,500 ரூபாய் என்றால் பெட்டிக்கடை வருமானம்கூட இல்லை. அதனால் வீட்டு விறாந்தையில் டியூஷன் வகுப்பு நடத்துபவரும், பிரதான வீதியில் கண்ணாடிக் கதவு போட்ட லீசிங் கம்பனிக் கிளையும் அதே 3,000 ரூபாய்தான் கட்டுகிறார்கள். 3,000 ரூபாயில் யார் சாகப்போகிறார், இதை ஏன் கிளறுகிறீர்கள் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சந்தைக் கூரையும் வடிகானும் பழுதாகிக் கிடக்கும்போது சபையில் காசில்லை என்ற பதிலைக் கேட்பவர்களும் நாங்கள்தானே. கீழ் எல்லையை இன்றைய விலைவாசிக்கு உயர்த்தி, சிறியவர்களை விட்டுவிட்டு, பெரிய வரவுக்குப் பெரிய வரி போட நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். எங்களில் வசதியானவர்கள் இதனால் கூடுதலாகக் கட்ட நேரும். அதைத் தெரிந்தே கேட்கிறோம்.

மாகாணத்தின் கதை வேறு. 13ஆவது திருத்தம் மொத்த, சில்லறை விற்பனை மீதான புரள்வு வரியை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. 2011 ஜனவரியிலிருந்து அதை விட்டுவிட்டு, தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கை மாகாணங்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வரியும் 2019 டிசம்பரில் போய்விட்டது. 2022 ஒக்டோபரில் வந்த 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி கொழும்புத் திறைசேரிக்குப் போகிறது. புரள்வு வரி அதிகாரமோ அரசியலமைப்பில் இன்னும் இருக்கிறது. வடமேல் மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. மாகாணத்துக்குச் சொந்த வருமானம் வேண்டும் என்பதை ஏற்கிறோம். ஆனால் நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையொன்று குருநாகலில் உட்காரும் வரைக்கும் புரள்வு வரியைத் திரும்பக் கொண்டுவர இணங்கமாட்டோம்.

தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘பிரைவேட் லிமிடெட்’ போட்டால்தான் மதிப்பு என்று பதிவு முகவர்கள் சொல்வதைக் கேட்டு ஓடாதீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடத்தில் 18 இலட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். கம்பனிக்குப் பொதுவான வீதம் 30, அதுவும் முதல் ரூபாயிலிருந்தே. வருட இலாபம் 24 இலட்சம் என்றால் தனி உரிமையாளர் கட்டுவது 36,000 ரூபாய், கம்பனி கட்டுவது 720,000 ரூபாய். உங்களுக்கே சம்பளம் எழுதிக்கொண்டால் இடைவெளி குறையும். ஆனால் அதற்குக் கணக்காளர், ஊழியர் சேமலாப நிதி என்று செலவு வரும். பங்காளிகளோ முதலீட்டாளர்களோ வந்தால் அப்போது கம்பனியைப் பற்றி யோசிக்கலாம். வரி வராவிட்டாலும் டின் எடுங்கள், பில் புத்தகம் வையுங்கள். இதில் எங்களிலேயே பலர் இன்னும் சுணங்குகிறார்கள்.

2026 வரவு செலவுத் திட்டத்தில், பெறுமதி சேர் வரிக்கும் சமூகப் பாதுகாப்பு உதவுதொகைக்குமான பதிவு எல்லையை வருடத்துக்கு 6 கோடி ரூபாயிலிருந்து 3.6 கோடியாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். 3.6 கோடி என்றால் மாதம் 30 இலட்சம். காதில் விழும்போது பெரிய தொகைதான். ஆனால் புத்தளத்தில் பலசரக்கை மொத்தமாக விற்பவருக்கு அது சாதாரண ஓட்டம், கையில் நிற்பது அதில் மிகச் சிறிய பங்கு. இலாபத்தைப் பார்க்காமல் விற்பனையைப் பார்த்து இழுக்கும் எல்லை இது என்பதால் இதை எதிர்க்கிறோம். குறைத்தே தீரவேண்டும் என்றால், தொழில் தொடங்கி முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பழைய எல்லையே இருக்கட்டும்.

2025 மே மாதம் தெரிவான உள்ளூராட்சி உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறோம். அடுத்த ஆண்டுக்கான கட்டணத் தீர்மானத்தை வர்த்தமானிக்கு அனுப்புவதற்கு முன், அதன் தமிழ்ப் பிரதியையும் சிங்களப் பிரதியையும் சபை வாசலிலும் சந்தையிலும் ஒட்டுங்கள். எங்கள் கருத்தை எழுத்தில் தருவதற்கு ஒரு மாத அவகாசமும் வேண்டும்.