சிவப்புப் பொட்டு வைத்தது யார்?

பெரிய கம்பெனித் தோட்டங்களின் ஆபீசில் மாதக் கடைசியில் இப்போது ஒரு படம் ஓடுகிறது. பாட்டும் சண்டையும் உள்ள படமல்ல. கம்ப்யூட்டர் தானாகவே தயாரித்துத் தரும் சிலைடுப் படம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வட்டப் பொட்டு. பச்சையானால் நன்று, மஞ்சளானால் கவனம், சிவப்பானால் குறை. இதற்குக் கே.பி.ஐ. என்று பெயர். 2009-ஆம் ஆண்டில் அமைச்சர்களுக்கே கே.பி.ஐ. வைத்த நாடு இது. ஆகவே சொல் நமக்குப் புதிதல்ல.

கணக்குப் பார்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. பாலை நிறுக்காமல் கூலி போட முடியாது என்பது மரம் சீவுகிறவருக்குத் தெரியும். நாம் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சிவப்பு எந்தக் கணக்கில் விழுந்தது?

கிராணி எக்செல் கட்டங்களில் எண்களைப் பதிகிறார். அங்கிருந்து எண்ணும் நிறமும் சிலைடுக்குப் போகின்றன. 2007-இல் வந்த எக்செலில்தான் இந்த மூன்று விளக்குக் குறிகள் சேர்ந்தன. எல்லைக்கோட்டை நாமாக எழுதிக் கொடுக்காவிட்டால் அது என்ன செய்கிறது தெரியுமா? பட்டியலில் உள்ள மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் எடுத்து, இடைவெளியை ஏறக்குறைய மூன்று சம பங்காக்கிக்கொள்கிறது. அடியில் உள்ளவர் சிவப்பு. மேலே உள்ளவர் பச்சை.

நால்வர் 24, 25, 26, 27 கிலோ கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வருமே நன்றாக உழைத்தவர்கள். ஆனால் 24 கிலோவுக்குச் சிவப்பு, 25-க்கும் 26-க்கும் மஞ்சள், 27-க்குப் பச்சை. மறுமாதம் மழையினால் 14, 15, 16, 17 என்று குறைந்தாலும் அதே நிறங்கள்தாம் வரும்! மருத்துவ விடுப்பில் இருந்த ஐந்தாமவருக்குக் கிராணி 0 என்று பதிந்துவிட்டால் வேடிக்கை இன்னும் அதிகம். அவர் ஒருவர் சிவப்பு. மற்ற நால்வரும் பச்சை. சிவப்பாக இருந்தவர் ஒரு துளிப் பால் கூடுதலாக இறக்காமலே பச்சையாகிவிடுகிறார். இப்படிப்பட்ட நிறத்தை நம்பி ஒரு தொழிலாளியைச் சோம்பேறி என்று சொல்லலாமா?

விடியற்காலை மழை பெய்தால் வெட்டு நின்றுபோகும். பிப்ரவரி முதலான இலையுதிர் மாதங்களில் பால் குறையும். ஒருவர் நிரையில் இளமரங்கள். இன்னொருவர் நிரையில் பட்டை தேய்ந்த கிழமரங்கள். இவையெல்லாம் வேலைக்காட்டில் தெரியும், திரையில் தெரிவதில்லை.

கிராணிமாரின் கஷ்டமும் இதில் சேர்ந்ததே. நிறம் கெட்டால் மேலிடம் கோபிக்கும்; கோபத்துக்குப் பயந்து சிவப்பை மஞ்சளாக்கச் சொல்லும் வாய்கள் எங்கும் உண்டு. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபோர்டு கார் கம்பெனிக்கு ஆலன் முலாலி தலைவராக வந்தார். வாராந்திரக் கூட்டத்தில் அதிகாரிகள் காட்டிய படங்களெல்லாம் பச்சை. கம்பெனியோ அந்த ஆண்டில் 1,200 கோடி டாலருக்கு மேல் நட்டப்பட்டது! கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, கோளாறு காரணமாகப் புதிய எட்ஜ் காரை வெளியிட முடியவில்லை என்று சிவப்பைக் காட்டினார். அவருக்கு வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். உடனே மற்ற அதிகாரிகள் உதவிக்கு முன்வந்தார்கள்.

பாடம் தெளிவானது. சிவப்பு என்பது உதவி கேட்கும் குரல். அதைத் தண்டனைக் குறியாக்கினால் பொய்ப் பச்சைதான் விளையும். நட்டம் கம்பெனிக்கும் சேர்த்தே.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று, எத்தனை கிலோவுக்கு எந்த நிறம் என்பதை மரத்தின் வயதையும் பருவத்தையும் பார்த்துச் சங்கத்தோடு பேசி முடிவு செய்து, மாதம் பிறக்குமுன் பெரட்டில் அறிவிக்கவேண்டும். இரண்டு, ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்தில் மழை நாள், விடுப்பு முதலிய காரணம் எழுதப்படவேண்டும். வராத நாளுக்கு 0 போடக்கூடாது. மூன்று, நிறத்தோடு சொல்லும் வேண்டும். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாத கண்கள் உண்டு, ஆண்களிடையே அதிகம். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து ஒட்டினால் நல்ல கண்ணுக்கும் தெரியாது. நான்கு, நிறத்தை மட்டும் காட்டி எவர்மீதும் நடவடிக்கை கூடாது. ஒழுங்கீனம் என்று குற்றஞ்சாட்டினாலும் முறையான விசாரணைக்குப் பிறகே தண்டனை என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. கம்ப்யூட்டர் வைத்த பொட்டு விசாரணை ஆகாது.

தோழர்களே! உங்கள் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். "எல்லைக்கோடு எது? போட்டவர் யார்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். கிராணித் தோழர்களே! எண்ணை உள்ளபடி பதியுங்கள். காரணத்தையும் உள்ளபடி பதியுங்கள். வாளி தூக்குகிறவரும் எண் பதிகிறவரும் ஒன்றுபட்டு நின்றால் திரையில் பொய் நிறம் நிற்காது.