ஆய்வு மாணவருக்கும் ‘ஒண்ணாம் தேதி’ வேணும்!



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து, நம்ம சாமை, தினை, மூலிகைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. அதே மலையில் பிறந்த பழங்குடிப் பிள்ளை டாக்டர் பட்டத்துக்குச் சேரப் போறேன்னு சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி: “அத்தனை வருஷம் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?”

திட்டங்கள் இல்லாமல் இல்லை. பழங்குடி ஆய்வு மாணவர்களுக்கு ஒன்றிய அரசின் தேசிய உதவித்தொகையில் ஆண்டுக்கு 750 இடங்கள். ஜேஆர்எஃப் பெறுபவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு தருவது ஆண்டுக்கு 1 லட்சம். மாதக் கணக்கில் சுமார் 8,333.

தொகை காகிதத்தில் இருக்கு. கைக்கு எப்போ வரும்? அங்கேதான் சிக்கல்.

ஜேஆர்எஃப் மாணவர் ஆய்வைத் தொடர்கிறார் என்று பல்கலைக்கழகம் மாதாமாதம் இணையத்தில் உறுதி செய்யணும். ஒருவர் பதிவு செய்வார், இன்னொரு அலுவலர் ஒப்புதல் தருவார். இதில் ஒருவர் லீவு போட்டாலே அந்த மாதப் பணம் நிற்கும். டெல்லியில் நிதி ஒதுக்கீடு தாமதமானால் பல மாதம் நிற்கும். ஆனால் மெஸ் பில்லுக்குத் தேதி உண்டு, கட்டணத்துக்குக் கடைசி நாள் உண்டு. மாணவருக்கு வரவேண்டிய பணத்துக்கு மட்டும் தேதி இல்லை!

அப்பா மாதச் சம்பளக்காரர் என்றால் ஆறு மாதம் சமாளிக்கலாம். மிளகும் மரவள்ளியும் விளைவித்துப் பிழைக்கும் குடும்பம் என்ன செய்யும்? கடன் வாங்கும். பாக்கித் தொகை மொத்தமாக வந்தாலும், கட்டிய வட்டி திரும்பி வருமா? தாமதம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரியைத்தான் முதலில் வெளியே தள்ளுது.

‘நெட்’ இல்லாதவர்களுக்கு மத்திய பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015இல் அதை நிறுத்தப் பார்த்தபோது, மாணவர்கள் டெல்லியில் யுஜிசி வாசலில் அமர்ந்து போராடிக் காப்பாற்றினார்கள். நம் மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்தத் தொகையே கிடையாது.

நாமக்கல் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. அந்தப் பல்கலைக்கழகத்திடமும் தமிழ்நாடு அரசிடமும் நாம் கேட்பது:

✊ மாதாந்திர உறுதிப்பதிவுக்கு நிலையான தேதி. அலுவலர் விடுப்பில் போனால் மாற்று அலுவலர்.

✊ விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று மாணவர் செல்போனிலேயே பார்க்கும் வசதி.

✊ அரசு தரும் சுழல்நிதி. டெல்லிப் பணம் தாமதமானால் அதிலிருந்து வட்டியில்லா முன்பணம். பணம் வந்ததும் மாணவர் திருப்பிக் கட்டுவார்.

✊ மாநில உதவித்தொகையை மாதத் தவணையாகத் தருவது.

“பல்கலைக்கழகத்துக்கே பணமில்லையே” என்பார்கள். அதனால்தான் சுழல்நிதி கேட்கிறோம். போன பணம் திரும்பி வரும், அடுத்தவருக்கு உதவும்.

கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. நாம் வள்ளல்தனம் கேட்கவில்லை. உழைக்கும் பிள்ளைக்கு ஒரு தேதி கேட்கிறோம்.

பகிருங்கள் உறவுகளே. உங்கள் வீட்டு ஆய்வு மாணவருக்கு எத்தனை மாதம் பாக்கி? கமெண்டில் சொல்லுங்கள்.

#ஒண்ணாம்தேதிவேணும் #கொல்லிமலை