ஃபார்மட்டுக்கு முன்னால்

கம்ப்யூட்டர் நீலத் திரையோடு நின்றுவிட்டால் நம் ஊர்க் கடைகளில் முதல் வார்த்தையே, "ஃபார்மட் போட்டுடலாம் சார்" என்பதுதான். நாமும் தலையாட்டிவிடுகிறோம். தீபத்துக்கு வந்த பேரன் எடுத்த போட்டோ, பென்ஷன் கடிதங்கள் எல்லாம் அதோடு போய்விடும். அவசரமே வேண்டாம் என்பது என் கட்சி.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதான கோப்பினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். (குமாஸ்தா கையெழுத்துக்கு மறுபடி மரியாதை!) அதற்குச் சொன்ன வைத்தியம், அத்தியாவசியத்தை மட்டும் ஏற்றும் 'சேஃப் மோடில்' திறந்து அந்தக் கோப்பை நீக்குவது. ஃபார்மட் அல்ல.

அப்டேட் நடக்கும்போது கரண்ட் போனாலும் கெடுவது விண்டோஸின் கோப்புகள்தான். நம்முடையவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். ரெக்கார்டு ரூம் பூட்டு கெட்டால் ஃபைல்களைக் கொளுத்துவோமா? முதலில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' செய்து பார்க்கச் சொல்லுங்கள். பலிக்காவிட்டால் டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி நகல் எடுக்கட்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதை டைரியில் குறித்து வையுங்கள்.

நகல் கைக்கு வந்தபின் ஃபார்மட் போடட்டும், ஆட்சேபணை இல்லை.